மணிக்கூண்டும் விண்கடிகாரமும்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டு காட்டுவது இந்திய நேரம்; சூரியனோ அதைச் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. அந்தமான்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் கடலில் படகின் இடம் சுமார் 300 மீட்டர் தப்பிவிடும்.

அணுவின் குவாண்டம் தாவலையே ஊசலாகக் கொண்ட இந்தக் கடிகாரங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈர்ப்பு குறையும் உயரத்தில் நேரம் வேகமாக ஓடும் என்றார் ஐன்ஸ்டைன். அதைச் சோதிக்க உதவியது ஒரு தோல்வி. 2014இல் ஐரோப்பாவின் இரண்டு கலிலியோ செயற்கைக்கோள்கள் தவறான நீள்வட்டப் பாதைக்குப் போய்விட்டன. தினம் இருமுறை சுமார் 8,500 கி.மீ. ஏறி இறங்கிய அவற்றின் கடிகாரங்களை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்னது சரியே; 1976 சோதனையைவிடச் சுமார் ஐந்து மடங்கு துல்லியமாக இது 2018இல் உறுதியானது.

இங்கே? 2013இல் ஏவிய நமது முதல் நாவிக் செயற்கைக்கோளின் இறக்குமதிக் கடிகாரங்கள் மூன்றும் பழுதாயின. 2023 மே 29 அன்று, என்விஎஸ்-01இல் அகமதாபாத்தில் உருவான ரூபிடியம் கடிகாரம் பறந்தது. பெருமைதான். ஆனால் அதன் பணி வழிகாட்டுவது. ஐரோப்பாவோ 2025 ஏப்ரலில் ஐன்ஸ்டைனைச் சோதிப்பதற்கென்றே ‘ஏசெஸ்’ கடிகாரங்களை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. கடிகாரம் செய்யக் கற்றுவிட்டோம். அதை வைத்துக் கேள்வி கேட்கவும் கற்க வேண்டாமா?