பழைய சான்ட்ரோவும் மெக்கானிக் வீட்டு உலையும்

'பழைய சின்னக் காரை வாங்குகிறவன் மெக்கானிக் வீட்டு உலைக்கு அரிசி அளக்கிறான்' என்கிறார் நண்பர். சரி, புதுக் காருக்கு ஏழு வருஷம் தவணை கட்டுகிறவர் யார் வீட்டுக்கு அளக்கிறாராம்?

சான்ட்ரோவையே எடுத்துக்கொள்வோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த வண்டி. அந்தப் பழைய தலைமுறை 2014 வரை தயாரானது. இன்றும் அதன் கதவுக் கைப்பிடியைச் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தேடி எடுத்துவிடலாம்.

செலவு வைப்பது வயது மட்டுமல்ல, பார்க்காமல் வாங்கும் அவசரமும்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திருகிப் பாருங்கள். அடியில் காபி நுரை மாதிரிப் படிந்திருந்தால் உள்ளே கூலன்ட் கலக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். தான் வாங்கியபோது நண்பர் இதையெல்லாம் செய்தாரா? சீட் கவரைப் பார்த்து வாங்கியிருப்பார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: பெரும்பாலான பழைய சான்ட்ரோக்களில் ஏர்பேக் கிடையாது. அதைச் சொல்லி எதிர்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதை விட்டுவிட்டு, பதினைந்து வருஷத்தில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே என்று புலம்புகிறார். தகுதிச் சோதனையில் தேறினால் இன்னும் ஐந்து வருஷம் கிடைக்கும், தவணையோ கிடையாது.