கைத்திறனில் ஆணென்ன, பெண்ணென்ன?

மாஜிக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது பெரிய மேடையும், வண்ண விளக்குகளும், பெட்டிக்குள் படுக்க வைத்து அறுக்கப்படும் ஒரு பெண்ணுமே. 1921-ல் லண்டன் அரங்கொன்றில் செல்பிட் என்பவர் இதைச் செய்து காட்டிப் புகழ் பெற்றார். 1956-ல் நம் நாட்டு பி. சி. சர்க்கார் பி.பி.சி. தொலைக்காட்சியில் 17 வயதுப் பெண்ணொருத்தியை அறுத்துக் காட்டினார். அத்தருணத்தில் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிடவே, அவள் இறந்தே போனாள் என்றெண்ணி மக்கள் தொலைபேசியில் பதறினார்களாம்! ஆனால் தோழியரே, ஒன்று கவனித்தீர்களா? அறுப்பவர் பெரும்பாலும் ஆண். அறுபடுபவள் பெரும்பாலும் பெண்.

இதனாலேயே, மாயவித்தைக் கலைஞர்களின் மாநாட்டில் நடைபெறும் குளோஸ்-அப் போட்டிகளின் ஒளிப்பதிவுகளைக் கண்டபோது பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் வியந்தோம். அங்கே பெட்டியும் இல்லை, வாளும் இல்லை. ஒரு மேசை, அதன்மேல் ஒரு விரிப்பு, இரண்டு கைகள். அவ்வளவே! 1948-ல் தோன்றிய உலக மாயக்கலைச் சங்கங்களின் கூட்டமைப்பு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை இம்மாநாட்டைக் கூட்டுகிறது. போட்டியாளருக்குக் கிடைப்பது ஐந்து முதல் பத்து நிமிடமே. எதிரே அமர்ந்திருக்கும் நடுவர்களும் வித்தைக்காரர்களே. காண வந்தோரும் பெரும்பாலும் வித்தைக்காரர்களே. திருடன் வீட்டில் திருடுவது போன்ற வேலை இது!

2012-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் பரிசு வென்ற பிரெஞ்சு இளைஞர் யான் ஃபிரிஷை எங்களால் மறக்க இயலவில்லை. அவர் கையாண்டது குவளையும் பந்தும் கொண்ட மிகப் பழைய வித்தை. செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கொண்டு நம்மவர் செய்த அதே செப்பிடு வித்தைதான்! உரோமை அறிஞர் செனக்காவும் தம் கடிதமொன்றில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பாவம், அந்த இளைஞர் குடிக்கத்தான் குவளையை எடுக்கிறார். சிவப்புப் பந்துகள் அவரை விட்டால்தானே! ஒரு சொல்லும் பேசாமல் அவர் படும் அவதியைக் கண்டு சிரித்து மாளவில்லை. அரங்கிலிருந்த வித்தைக்காரர்களுக்கு அந்தப் பழைய முறையெல்லாம் மனப்பாடமாக இருந்திருக்கும். ஆயினும் கைதட்டினார்கள். எப்படிச் செய்தார் என்று துருவுவதையே இன்பமென்று நினைக்கும் எங்களுக்கு இது புதுமையாக இருந்தது.

“வித்தை என்பது ஏமாற்று அன்றோ? கன்னியர் மடப் பள்ளியில் இதற்கு என்ன வேலை?” என்று பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். அவர்கட்கு நாங்கள் காட்டும் சாட்சி புனித தொன் போஸ்கோ. சிறுவனாயிருந்தபோதே வித்தைகள் காட்டி ஊராரைக் கூட்டி, இடையில் செபமாலை சொல்ல வைத்து, கோவிலில் கேட்ட பிரசங்கத்தையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். கியேரி நகரில் படித்த நாளில், இவன் பேயின் துணையால் செய்கிறான் என்று சிலர் ஐயுற, குருவானவர் ஒருவர் அவரை அழைத்து விசாரித்தார். விசாரணை முடிவதற்குள் குருவின் கடிகாரமும் பணப்பையும் காணாமற் போயின! பின்னர் அவை இருந்த இடத்தையும், தாம் செய்த விதத்தையும் தொன் போஸ்கோ விளக்கவே, குருவும் சிரித்துவிட்டார். 2025-ல் உலக மாநாடு கூடியதும் அவர் உழைத்த தூரின் நகரில்தான் என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

எங்கள் குறை வேறு. இப்போட்டிகளில் மேசையருகே வந்து அமரும் பெண்கள் ஏன் இத்தனைச் சிலராய் இருக்கிறார்கள்? விரல்களுக்கு வலிமை வேண்டியதில்லை, பழக்கமே வேண்டும். பூத்தொடுக்கும் விரல்களுக்கு நாணயம் மறைக்கத் தெரியாதா? தடை விரல்களில் இல்லை. 1905-ல் தொடங்கிய லண்டனின் ‘மாஜிக் சர்க்கிள்’ 1991 வரை பெண்களை உறுப்பினராக்கவில்லை. அவ்வாண்டு சோஃபி லாயிட் என்ற பெண்மணி ரேமண்ட் என்னும் ஆணாக வேடமிட்டுத் தேர்வில் தேறினார். பெண்ணின் கை காட்டிக்கொடுத்துவிடும் என்று கையுறை அணிந்து வித்தை செய்தாராம். வெறுங்கையால் செய்வதே கடினம். கையுறையோடு என்றால் எண்ணிப் பாருங்கள்! அவ்வாண்டே சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. உடனே அவர் உண்மையை வெளியிட்டார். வஞ்சித்துவிட்டார் என்று சொல்லி அவரை நீக்கினார்கள். ஏமாற்றுவதையே கலையாகக் கொண்டவர்கள் சொன்ன குற்றச்சாட்டு இது! 2025-ல்தான் மன்னிப்புக் கேட்டு அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே எங்கள் மதிப்புக்குரிய அன்னையரிடம் ஒரு விண்ணப்பம். பேச்சு, பாட்டு, கோலம் எனப் பல போட்டிகள் பள்ளியில் நடைபெறுகின்றன. வரும் சனவரி 31, தொன் போஸ்கோ திருநாளன்று, ஒரு மேசையும் ஆளுக்கு ஐந்து நிமிடமும் தந்தருளுங்கள். சீட்டுக்கட்டு பள்ளிக்குள் நுழையலாகாது என்பது விதியானால், நாணயமும் கைக்குட்டையும் எங்களுக்குப் போதும்.