ஏரி எங்கும் போய்விடாது



டெல்லியில் வசிக்கும் நம் வாலிபர்கள் விடுமுறை நாட்களில் மணாலிக்குப் பிரயாணம் செய்வது வழக்கமாகிவிட்டது. அவர்களில் சிலர், ஒரே நாளில் பிருகு ஏரிக்கு ஏறி இறங்க வாஞ்சிக்கிறார்கள். அது காணத்தக்க இடமே. பசும்புல் சரிவுகளுக்கு மேலே, சுமார் 4,235 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்த ஏரியைச் சுற்றி ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும். ஆனால், குலாபாவிலிருந்து புறப்படுகிறவர் 1,000 மீட்டருக்கு மேல் ஏறி, அன்றே இறங்கவேண்டும்.

டெல்லியின் உயரம் சுமார் 215 மீட்டர். மணாலியோ 2,000 மீட்டருக்கும் அதிகம். ஏரிக்கரையில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. இதற்குச் சரீரம் பழகச் சில நாட்கள் வேண்டும். இரவெல்லாம் பேருந்தில் வந்து, மறுநாளே மலையேறுகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை. வாலிபமும் தேகபெலனும் இங்கே பாதுகாப்பு அல்ல. பெலசாலி விரைந்து ஏறுவதால் விரைவிலே நோய்ப்படுவதும் உண்டு.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவை முதல் அடையாளங்கள். இவை தோன்றினால் மேலே ஏறாதிருங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். ஒருவர் தள்ளாடினாலோ, பேச்சு தடுமாறினாலோ மூளையில் வீக்கம் கண்டிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கவல்லவை. தாமதமின்றிக் கீழே இறக்கி, மருத்துவரிடம் சேர்ப்பதே வழி. நோயுற்றவரை ஒருபோதும் தனியே அனுப்பாதீர்கள்.

ஆகவே, மணாலியில் இரண்டு இரவுகளாவது தங்கியபின் ஏறுங்கள். வழியறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிற்பகலில் மேகம் மூடி, மழையும் இடியும் வருவது அங்கே சகஜம். எனவே விடியற்காலையில் புறப்படுங்கள். எந்த மணிக்குத் திரும்புவது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மௌனமே. தன்னால் மற்றவர்களும் திரும்பவேண்டி வருமே என்று கூச்சப்பட்டு, தலைவலியை மறைத்துக்கொண்டு நடப்பவர் எந்தக் குழுவிலும் இருப்பார். குழுவை நடத்துகிறவர் மணிக்கொருமுறை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்கட்டும். அவர் “திரும்புவோம்” என்று சொன்னால், ஒருவரும் முறுமுறுக்க வேண்டாம்.

பெற்றோரே, “ஏரியைப் பார்த்தாயா?” என்று கேட்குமுன், “எல்லாரும் சுகமாய் இறங்கினீர்களா?” என்று கேளுங்கள். அடுத்த ஆண்டும் அந்த ஏரி அங்கேதான் இருக்கும். நம் பிள்ளைகள் வீடு வந்து சேரட்டும்.