ஃபெஸ் நகரத்துச் சுவர்கள்

14-ம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்து, அப்போது அங்கே ஆண்ட ஸுல்தானின் கொடுமைகளைக் கண்ணால் கண்டு எழுதி வைத்த இப்ன் பதூதா எந்த ஊர்க்காரர் தெரியுமா? வட ஆப்பிரிக்காவில், மொராக்கோ தேசத்து டாஞ்சியர் துறைமுகத்தில் 1304-ல் பிறந்தவர். ஏறக்குறைய 30 வருஷ காலம் உலகைச் சுற்றிய பின், அந்நாட்டு ஃபெஸ் நகரத்தில் அமர்ந்து யாத்திரைக் கதையைத் தாம் சொல்லப் பிறர் எழுதச் செய்தார். 1355-ல் அது முடிந்தது. அந்த ஃபெஸ் நகரத்துக்கே இந்த வாரம் நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பழைய நகருக்குள் மோட்டார் வண்டி இன்றும் புகுவதில்லை. புக இடமும் இல்லை. சில சந்துகளில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூட்டை சுமந்து வரும் கழுதைக்கே அங்கு ராஜ மரியாதை. பின்னாலிருந்து "பாலாக்!" என்று கூவல் கேட்டால் பிரபுவானாலும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். இரு புறமும் ஜன்னலற்ற மொட்டைச் சுவர்கள். புதிதாக வருகிறவர், "இதென்ன சிறைச்சாலையா?" என்று முகம் சுளிக்கக் கூடும்.

கதவு திறந்தால்தான் விஷயம் விளங்கும். உள்ளே வானம் தெரியும் முற்றம், நடுவே நீரூற்று, வர்ண ஓடுகளை நுணுக்கமாக வெட்டிப் பதித்த சுவர்கள். விருந்தாளி உட்கார்ந்ததும், புதினாத் தழையும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்த பச்சைத் தேயிலைப் பானம் வந்துவிடும். கெண்டியை உயரத் தூக்கி, கண்ணாடிக் குவளையில் நுரை எழும்ப ஊற்றுவார்கள். வேண்டாம் என்பது மரியாதைக் குறைவு. தேயிலை என்னவோ சீனத்துச் சரக்கு; 19-ம் நூற்றாண்டில் இங்கிலீஷ் வர்த்தகர்கள் பெருவாரியாகக் கொணர்ந்தது. உபசாரம் மட்டும் முழுக்க முழுக்க அவர்களுடையதே.

1912-ல் இந்நகரத்தில் கையெழுத்தான உடன்படிக்கையால் மொராக்கோ பிரெஞ்சுக்காரரின் 'பாதுகாப்பு'க்குள் போயிற்று. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்பாரில்லை! மதிலுக்கு வெளியே அகன்ற சாலைகளுடன் தங்களுக்கென்று ஒரு புது நகரம் கட்டிக்கொண்டார்கள். பழைய நகரம் அவர்களுக்கு வெறும் பொருட்காட்சி.

அந்தப் பொருட்காட்சிக்குள்தான் கரவிய்யீன் மசூதியும் கலாசாலையும் இருந்தன. 859-ல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற மாது தம் பிதுரார்ஜிதச் சொத்தைக் கொண்டு அதை ஸ்தாபித்தார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. பெண் ஸ்தாபித்த அந்தக் கலாசாலையில் பெண்களுக்கு இடமில்லை என்பதுதான் விபரீதம்! 1919-ல் அவ்வூரில் பிறந்த மலிகா அல்-ஃபாஸியும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே ஆசிரியர்களிடம் பாடம் கேட்டவர். 1944 ஜனவரி 11-ந் தேதி, சுதந்திரம் கோரி வெளியான விக்ஞாபனத்தில் 66 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒரே பெண் இவர். தலைவர்கள் சிறைப்பட்டனர், ஃபெஸ் நகரச் சந்துகளில் ரத்தம் சிந்தியது. சுதந்திரம் 1956-ல் வந்தது. கரவிய்யீனின் கதவு அதற்கு முன்பே, 1940-களில், பெண்களுக்குத் திறந்துவிட்டது. அதற்காக விடாமல் வாதாடியவர்களில் மலிகாவும் ஒருவர்.