சும்மா இருக்கிற நேரம்

யாழ்ப்பாணத் தீவகத்தின் நாரந்தனையில் ஒரு தாய் வேப்பமர நிழலிலிருந்து பனையோலைப் பெட்டி இழைத்தால், போகிற வருகிறவர்கள் அவளைக் கெட்டிக்காரி என்பார்கள். அதே நிழலில் அதே நேரத்தில் மடியில் கதைப்புத்தகம் விரிந்திருந்தால் வேலைக்கள்ளி என்பார்கள். கெட்டிக்காரிக்குக் கிடைக்கும் பாராட்டும் படலையோடு நின்றுவிடும். பெட்டியை விலைக்குக் கேட்கும்போது, "சும்மா இருக்கிற நேரத்தில இழைச்சதுதானே" என்று பேரம் தொடங்கும். முரண்போலத் தோன்றும் இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. பிள்ளைகுட்டிக்காரிக்கு வேலை என்றால் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வீடு வாசல் கூட்டுவதும்தான். அவை முடிந்து மிஞ்சுகிற நேரம் சும்மா கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் அவள் கை செய்வது வேலையில் சேராது, கண் படிப்பது தேவையில் சேராது. இந்த நம்பிக்கை தீவகத்துக்கு மட்டும் உரியதென்று சொல்லமாட்டேன். ரொறன்ரோவில் குளிர்காலத் தொப்பி பின்னுகிற தமிழ்த் தாயிடமும் நூல் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள், பின்னிய நாட்களைக் கேட்பதில்லை. ஆனால் தீவகத்தில் இப்படியொரு எண்ணம் நிலைத்திருப்பது கூடுதல் வியப்புக்குரியது.

ஏனென்றால் தீவகத்து வீடுகள் பெரும்பாலும் பெண்களால் நடத்தப்பட்டவை. சுண்ணக்கல் நிலம், அரிதான நன்னீர், மழையை நம்பிய வயல். இவற்றால் குடும்பம் கரையேறாது என்று கண்ட ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் தென்னிலங்கைச் சிறு பட்டணங்களுக்கும் கடை வைக்கப் போனார்கள். அவர்கள் கோயில் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வந்துபோக, இடைப்பட்ட மாதங்களில் வளவு, ஆடு மாடு, பிள்ளைகளின் படிப்பு, கோயில் உபயம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் தாயின் கையில் இருந்தன. காசுக்கட்டளையோடு கடிதம் வரும். அதை வாசிக்கத் தெரியாதவள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்; அதோடு குடும்ப இரகசியத்தில் அடுத்த வீட்டுக்கும் பங்கு. போர்க்காலத்தில், 1990இல், இராணுவம் நாரந்தனை இருக்கிற வேலணைத் தீவைக் கைப்பற்றியபோது ஊர்கள் வெறுமையாகின. பிந்திய ஆண்டுகளில் திரும்பி வந்தவர்களில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று அரசாங்கப் படிவங்கள் குறிக்கிற குடும்பங்கள் பல. காணி உறுதியும் வங்கிப் படிவமும் கடன் ஒப்பந்தமும் அந்தத் தாய்மாரின் பெயரிலேயே எழுதப்பட்டன. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை 2018இல் அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வட்டியின் கொடுமையை வாசிப்பு ஒன்றே தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்தோடு நாளாந்தம் பழகாத கண்ணுக்கு ஒப்பந்தத்தின் பொடி எழுத்து எவ்வளவு வசதியான மறைவிடம் என்பது கடன் கொடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டி இழைப்பது சும்மா இருக்கிற நேரத்துக் காரியம் என்பதை முதலில் பார்க்கலாம். ஓலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்துக்கு வார்ந்து, வேண்டியதற்குச் சாயம் போட்டு, நனைத்துப் பதப்படுத்திய பிறகுதான் இழைப்புத் தொடங்கும். பதம் வந்த ஓலை அடுப்படி வேலை முடியும்வரை காத்திருக்காது. காய்ந்தால் முறியும். ஆகவே நேரத்தைத் தீர்மானிப்பது ஓலை. இழைப்பவள் மற்ற வேலைகளை அதற்கேற்ப முன்னும் பின்னும் தள்ளிவைக்கிறாள். அடியை எத்தனை ஓலையில் தொடங்குவது, எந்த இடத்தில் மடித்து உயர்த்துவது, வாயை எவ்வளவு அகட்டுவது என்பதெல்லாம் எண்ணிக்கை. ஓரிடத்தில் பிசகினால் அவ்வளவும் பிரித்தாக வேண்டும். கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, இடியப்பத் தட்டு, திருகணி, உமல், பாய் என்று பிளாஸ்ரிக் வருமுன் யாழ்ப்பாணத்துக் குசினியும் தோட்டமும் இந்தக் கைகளை நம்பியே நடந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டபோது கள்ளோடும் பனங்கட்டியோடும் ஓலை வேலையும் அதன் பொறுப்பில் வந்தது. பொழுதுபோக்கை வளர்க்க எந்த அரசும் சபை அமைப்பதில்லை.

பொழுதுபோக்கு என்ற பெயர் யாருக்கு இலாபம் தருகிறது என்பதற்கு ஆந்திராவின் நர்சாப்பூர் நல்ல சாட்சி. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த கொக்கி ஊசிப் பின்னல், கோதாவரிக் கழிமுகத்துக் கிராமங்களில் ஆயிரமாயிரம் வீடுகளுக்குள் பரவி, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. எழுபதுகளின் இறுதியில் அங்கே ஆய்வு செய்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் வெளிவந்த தம் நூலில் காட்டிய உண்மை எளிமையானது. பெண்கள் வீட்டு வேலைக்கு மேலாக நாளில் ஆறு முதல் எட்டு மணிநேரம் பின்னினார்கள். அவர்களை ஏற்றுமதிக்காரர்களும் அதிகாரிகளும் 'வீட்டில் இருக்கும் பெண்கள்' என்றும், அவர்களின் உழைப்பை 'ஓய்வுநேர வேலை' என்றும் கணித்தார்கள். வேலையாக எண்ணாததால் குறைந்தபட்சக் கூலி பற்றிய பேச்சு எழவில்லை. சந்தை முழுக்க ஆண்களின் கையில் இருந்தது. பின்னியவர்களே தங்களைத் தொழிலாளர் என்று எண்ணவில்லை என்பதுதான் இதில் ஏற்றுமதிக்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை. குளிர்நாட்டுத் தீவுகளிலும் இதே கதைதான். ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் பெண்கள் மலையிலிருந்து எரிக்கிற கரிமண்ணை முதுகுக் கூடையில் சுமந்து நடந்தபடியே கையில் கம்பளி பின்னினார்கள். பழைய நிழற்படங்களில் இன்றும் பார்க்கலாம். முதுகில் சுமையோடு நடப்பதை ஓய்வு என்று அழைக்க எவருக்கும் நா வராது. ஆனாலும் அவர்கள் பின்னிய சால்வைகளுக்கு அங்குள்ள லேர்விக் நகர வணிகர்கள் பெரும்பாலும் பணம் தரவில்லை. தேயிலையும் துணியுமாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். 1872இல் வெளிவந்த பிரித்தானிய அரச விசாரணை அறிக்கையில் அந்தப் பெண்களின் வாக்குமூலங்கள் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன.

நேரக் கணக்கை எடுத்தாலும் 'மிஞ்சுகிற நேரம்' என்பது எங்கே இருக்கிறது? இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிட்டார்கள்; அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடங்களை. பிள்ளை, முதியோர் பராமரிப்பு இதில் சேராது. அது தனிக் கணக்கு. இலங்கையும் 2017இல் தன் முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. எண்களைவிட முக்கியமானது வரைவிலக்கணம். 2013 ஒக்ரோபரில் ஜெனிவாவில் கூடிய உலகத் தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாடு, சொந்த வீட்டுப் பாவனைக்காகப் பொருள் செய்வதும் வேலையே என்று தீர்மானித்தது. அதன்படி வீட்டுப் பாவனைக்குப் பாய் இழைக்கிற தாயும் வேலை செய்கிறாள். ஊர் வழக்கில் மட்டும் அவள் இன்னும் சும்மா இருக்கிறாள்.

சரி, பெட்டியின் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. புத்தகத்தால் வீட்டுக்கு என்ன வந்தது? நம்பிக்கையின் உண்மையான முகம் இந்தக் கேள்வியில்தான் தெரிகிறது. பெட்டி வீட்டுக்குப் போகிறது, புத்தகம் அவளுக்குள் போகிறது. வீட்டுக்குப் போவதைப் பொறுத்துக்கொள்ளும் ஊர், அவளுக்குள் போவதைப் பொறுப்பதில்லை. நம் பெண்கல்வியின் தொடக்கத்திலேயே இந்தப் பிரிவு இருந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிலும், 1820களில் மார்த்தா மோல்ட் நாகர்கோயிலில் நடத்திய பெண் பள்ளியிலும் ஊசியும் நூலும் ஒரு கையில், எழுத்து மறு கையில் என்றுதான் கற்பித்தார்கள். நாகர்கோயில் பின்னலை விற்ற பணம் பள்ளியையே தாங்கியது. ஊசி வீட்டுக்கும் வருமானத்துக்கும், எழுத்து வேதாகமத்துக்கு. சைவ வீடுகள் வேதாகமத்தின் இடத்தில் தேவாரத்தை வைத்தன, சட்டம் மாறவில்லை. பக்திக்கு வாசிக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்ல வாசிக்கலாம், பரீட்சைக்கு வாசிக்கலாம். தனக்காக ஒரு நாவலைத் திறந்தால் மட்டும் அடுப்பில் சோறு கருகும் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி நாவலே எழுதி 1914இல் அச்சேற்றிவிட்டாள்: மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்'. எழுதியவளை இலக்கிய வரலாற்றில் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறோம். வாசிக்கிற அம்மாவை மட்டும் எழுப்பி விடுகிறோம்.

சோறு கருகும் என்பது வெறும் பகிடியென்று தள்ளிவிடத் தேவையில்லை. அது ஒரு வாதம். கையும் கண்ணும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்கிறது. ஆனால் கைவேலையும் வாசிப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்து நடக்கும் என்பதைத் தொழிற்சாலைகளே காட்டியிருக்கின்றன. 1865இல் ஹவானாச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து ஒரு வாசிப்பாளரை அமர்த்தினார்கள். அவர் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிக்க, அவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றினார்கள். அடுத்த ஆண்டே ஆளுநர் அதைத் தடை செய்தார். சுருட்டின் தரம் குறைந்துவிட்டது என்பதற்காக அவர் தடை செய்யவில்லை. கேட்டவர்கள் யோசிக்கத் தொடங்கியதே அவருக்குப் பயம். நம்மிடமும் இதற்கு உறவான வழக்கம் உண்டு. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணம் வாசிக்க இன்னொருவர் பயன் சொல்லும் புராண படனத்தில், எழுத்தறியாத பெண்களும் காதால் நூலறிந்தார்கள். இலங்கை வானொலி நாடகம் ஓடும் வேளையில் யாழ்ப்பாணத்தில் எத்தனை கைகள் ஓலையிலும் ஊசியிலும் ஓடியிருக்கும்! கடகத்தின் சுவர் உயர்ந்து வரிசை சீராகிவிட்டால் விரலுக்குக் கண் தேவையில்லை. கைபழகிய எவரும் இதைச் சொல்வார்கள். தொடக்கத்திலும் வாய்க்கட்டிலும் கவனம் வேண்டும். இடையில் கிடக்கும் அந்த நீண்ட பகுதியில் மனம் சும்மா இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

வாசிப்புக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தாய் படித்தால் பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அது உண்மைதான். கேரளம், இலங்கை, கொஸ்ரா றிக்கா ஆகியவை ஏழ்மையிலும் இறப்பைக் குறைத்த வழியை 1986இல் ஆராய்ந்த மக்கள்தொகையியலாளர் ஜோன் கால்ட்வெல், பெண்களின் கல்வியையும் சுயாதீனத்தையும் முன்வரிசையில் வைத்தார். ஆனால் இந்த நியாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து சேருவோம். பிள்ளைக்குப் பயன்படும்வரை வாசிக்கலாம். பிள்ளை வளர்ந்தபின் புத்தகத்தை மூடிவிட வேண்டுமா? சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசிக்கிற தகப்பனிடம், இதனால் பிள்ளைக்கு என்ன பயன் என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. அவர் வாசிப்புக்குக் கேட்காத காரணத்தை அவள் வாசிப்புக்கும் கேட்காமல் விட்டால் போதும்.

இன்னொரு மறுப்பு நேர்மையானது, அதனால் கடினமானது. பின்னுவதில் அவளுக்கு இன்பம் இருக்கிறது. அதை வேலை என்று அழைத்து விலை போட்டால் அந்த இன்பம் போய்விடாதா? இன்பம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தன் வேலையை விரும்பிச் செய்கிற வைத்தியரிடம் அந்த விருப்பத்தைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. பேத்திக்குப் பின்னுகிற சட்டையை அவள் விற்கப் போவதில்லை. அதற்கு யாரும் விலை கேட்கவும் வேண்டாம். விற்கிற பெட்டிக்கு ஓலை வாங்கிய காசோடு இழைத்த மணித்தியாலங்களையும் சேர்த்துக் கணக்குப் பார் என்பதுதான் கோரிக்கை. அப்படிப் பார்த்தால் பிளாஸ்ரிக் வாளியோடு போட்டியிட முடியாது என்பார்கள். முடியாதுதான். இன்று அந்தப் போட்டியில் நிற்க வைப்பது அவளுடைய இலவச மணித்தியாலங்கள். அந்த மானியத்தைக் கொடுப்பவள் அவள் என்பதையாவது வாங்குகிறவர் அறிந்திருக்கட்டும்.

தண்ணீருக்கும் பேருந்துக்கும் வழியில்லாத இடத்தில் வாசிப்பைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது கடைசியாக வருகிற வாதம். தண்ணீர் சுமக்கும் நேரத்தையும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கொடுப்பவள் அதே தாய்தான். அந்த நேரம் வெறுமனே கிடந்தது என்று எண்ணுகிறவர்கள் இருக்கும்வரை, குழாய் வருவதும் பிந்தும், பேருந்து வருவதும் பிந்தும்; மதிப்பில்லாத நேரத்தை மிச்சப்படுத்த எவர் செலவு செய்வார்? இப்போது புத்தகத்துக்காவது ஒரு வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. பிள்ளையின் கைத்தொலைபேசி போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஓலைப் பயிற்சி நடத்தும்போது, இழைக்கிறவர்களுக்கு நடுவே ஒருத்தி இருந்து உரக்க வாசிக்கலாம். சங்கம் அவளுக்கும் நாட்கூலி கொடுக்கட்டும்.