ஓடிப்போகவில்லை, லைன் போனது

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் செம்பனைக்கு நடுவே இன்னும் சில தோட்டக் குடியிருப்புகள் உண்டு. அதில் ஒன்றிலிருந்து பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னிடம் சதுரங்கம் படிக்க வருகிறான். போன மாதம் ஓர் இணையப் போட்டியின் நான்காவது சுற்றில் அவனுக்கு ஒரு கோட்டை கூடுதல். எதிராளியின் ராஜா பலகை நடுவில் ஒதுங்க இடமில்லாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து அவன் அம்மாவின் போனுக்குத் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிட்டார். பையன் ஆடிக்கொண்டிருந்ததும் அதே போனில்தான். அம்மா பேசி முடித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டத்தைக் கைவிட்டான் என்று திரை சொன்னது. அதற்குக் கீழே எதிராளி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தான்: "பயந்து ஓடிட்டியா?"

அந்த எதிராளியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டத்தின் பாதியில் காணாமல் போகிறவன் தோல்விக்குப் பயந்து ஓடுகிறவன் என்று இணையத்தில் சதுரங்கம் ஆடுகிற ஏராளமானவர்கள் நம்புகிறார்கள். பயிற்றுநர்கள் நம்புகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அப்பாக்கள் நம்புகிறார்கள். போட்டி முடிந்ததும் வாட்சாப் குழுவில் "இன்றைக்கு ஓடியவர்கள்" என்று பட்டியல் போடுகிற ஏற்பாட்டாளரையும் பார்த்திருக்கிறேன். இந்த நம்பிக்கை தவறு. முகம் தெரியாத எதிராளிக்கு இணையத்தில் நாம் செய்கிற அவமரியாதைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

ஓடுகிறவனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்த நகர்த்தலில் மாட் என்று தெரிந்ததும், கடிகாரத்தில் மிச்சமிருக்கும் ஒன்பது நிமிடத்தையும் அசையாமல் ஓடவிட்டு எதிராளியைக் காக்க வைக்கிறவன் உண்டு. அது அப்பட்டமான இழிசெயல், என் மாணவன் செய்தால் அடுத்த போட்டிக்கு அவன் பெயரைக் கொடுக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் திரையைப் பாருங்கள். லிச்செஸ் தளத்தில் எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். வேண்டுமென்று காக்க வைக்கிறவனின் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அவன் அங்கேயே உட்கார்ந்து உங்கள் எரிச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். லைன் போனவனின் புள்ளி அணைந்துவிடும். அணைந்த புள்ளிக்குப் பின்னால் இடி மழையா, மின்தடையா, டேட்டா தீர்ந்ததா, மண்டோரின் அழைப்பா, உண்மையிலேயே கோழைத்தனமா என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கோழைத்தனத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது எந்த நியாயம்?

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளின் சில்லறைப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் முதல் இணைய ஒலிம்பியாட்டை நடத்தியது. காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனியாவின் மார்ட்டிரோஸ்யானுக்கு நடுவில் தொடர்பு அறுந்து ஆட்டம் போனது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளுபடியானது, அந்த அணி மேற்கொண்டு ஆட மறுத்து வெளியேறியது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30ஆம் தேதி, ரஷ்யாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்கிற்கும் அதே கதி. உலகம் முழுக்க இணையம் தடுமாறிய நாள் அது. கூட்டமைப்பின் தலைவர் துவோர்க்கோவிச் இரண்டு நாடுகளுக்கும் சேர்த்துத் தங்கம் அறிவித்தார். இரண்டு தீர்ப்பில் எது சரி என்று இன்றும் வாதாடலாம். நான் கேட்பது வேறு. நிஹாலையும் திவ்யாவையும் பார்த்து "தோற்கப் பயந்து ஓடிவிட்டார்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வந்ததா? வரவில்லை. அவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தோட்டத்துப் பையனின் பெயர் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே ஆண்டு செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் கார்ல்சனுடன் ஆடிக்கொண்டிருந்த சீனாவின் டிங் லிரெனுக்குத் தொடர்பு அறுந்து, நேரம் தீர்ந்து, புள்ளி போயிற்று. விதிப்படி அது கார்ல்சனின் வெற்றி. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் தொடக்கத்திலேயே தன் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டார். கார்ல்சன் எல்லா நாளும் இப்படி நடந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு எதிராளியின் அணைந்த திரையை அவர் படித்த விதம் சரியானது.

"விதி விதிதானே" என்பார்கள். இருக்கட்டும். கடிகாரம் தீர்ந்தால் புள்ளி உங்களுக்குத்தான், எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ராணியைத் தூக்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புள்ளியை உங்களுக்கு விதி கொடுத்தது. "ஓடிட்டியா" என்ற சொல்லை எந்த விதி கொடுத்தது?

நேரில் ஆடும்போது போன் அடித்தால் ஆட்டம் போகும். 2003இல் ஐரோப்பிய அணிப் போட்டியில், உலகப் பட்டம் வென்றிருந்த பொனமரியோவுக்கே அப்படி ஓர் ஆட்டம் போனது. அங்கே அந்த விதி பொருந்தும், போனை வெளியே வைத்துவிட்டு வரலாம். எங்கள் பிள்ளைகளுக்குப் போன்தான் பலகை. அதுவே அம்மாவின் வேலைக்கும், அக்காவின் பள்ளிப் பாடத்துக்கும் வேண்டும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்தப் பகுதியில்தான், தென்னமரம் தோட்டத்தில், போடப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக இங்கிருந்து எண்ணெய் வெளியே போகிறது. ஆனால் என் மாணவனின் வீட்டுக்குள் லைன் வருவதில்லை. வாசல் படியில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும், மழை பிடித்தால் அதுவும் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் "ஓடிட்டியா" என்ற சொல்லுக்குப் பழைய வலியும் உண்டு. 1910இல் நிறுத்தப்படும்வரை இங்கே நடந்த ஒப்பந்தக் கூலி முறையில், காலம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போகிறவன் குற்றவாளி. அவன் ஏன் போனான் என்பதைவிட, போனான் என்பதே பெரிதாக இருந்தது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்த்து, ஏன் என்று கேட்காமலே அதே சொல்லை எறிகிறோம்.

லிச்செஸ்ஸில் எதிராளி காணாமல் போனால் மூன்று வழி காட்டும்: வெற்றியை எடுத்துக்கொள்ளலாம், சமன் என்று முடிக்கலாம், காத்திருக்கலாம். சாதாரண ஆட்டங்களில் எதிராளியின் கடிகாரத்தை ஒட்டி ஒரு கூட்டல் குறியும் இருக்கும். ஒரு முறை தொட்டால் அவனுக்குப் பதினைந்து விநாடி கூடும். தளத்தைச் செய்தவர்கள் யோசித்து வைத்த வசதி அது. பல ஆண்டு ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், அது எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கை குலுக்கிவிட்டு ஆடத் தொடங்கு என்று முதல் நாளே சொல்லித் தருகிறோமே, பயிற்றுநர்களே, அன்றைக்கே இந்தக் குறியையும் காட்டுங்கள். ஏற்பாட்டாளர்களே, முடிவுப் பட்டியலில் "தொடர்பு அறுந்தது" என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அன்றைக்கு அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டபோது, ஏற்பாட்டாளரிடம் பேசிப் பார்க்கவா என்று கேட்டேன். "புள்ளி வேணாம் சார். நான் ஓடலன்னு மட்டும் அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்க" என்றான். எதிராளியின் பயிற்றுநர் எண்ணைப் போட்டியின் வாட்சாப் குழுவில் தேடி எடுத்து அப்படியே எழுதி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவன் காய்களை அடுக்குவதற்கு முன்பே, "சொன்னீங்களா சார்?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன். இந்தக் கட்டுரையையும் அதே குழுவில் போடப்போகிறேன்.