கரிசலுக்கு அடியில் எரிமலை இல்லை

பரளச்சியிலிருந்து வந்து புவியியல் பயிலும் மாணவன் ஒருவன் தன் விடைத்தாளைக் காட்டினான். கரிசல் மண் எவ்வாறு உருவாகிறது என்பது வினா. எரிமலைக் குழம்பு இறுகிய பாறை சிதைந்து உருவாகிறது என்பது விடை. முழு மதிப்பெண். உன் ஊர்க் கிணற்றில் கரிசலுக்குக் கீழே என்ன வந்தது என்று கேட்டேன். சுக்கான் கல், அதற்கும் கீழே வெள்ளையும் கறுப்புமாய்ப் பட்டை ஓடிய பாறை என்றான். கிணறு வெட்டியபோது உடன் நின்றவன். கண்டதும் எழுதியதும் முரண்படுகின்றனவே என்ற ஐயம் அவனுக்கு எழவே இல்லை.

தக்காண எரிமலைக் குழம்பு ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராட்டிரப் பகுதியில் பரவியது. அங்குள்ள கரிசலுக்கு அது தாய்ப்பாறை. அருப்புக்கோட்டைப் பக்கம் அக்குழம்பு வந்ததே இல்லை. இங்கே கிடப்பவை அதனினும் மிகப் பழைய நைஸ், சார்னோகைட் பாறைகள். மழை குறைந்த, நீர் எளிதில் வடியாத தாழ்நிலத்தில் அவை சிதைந்து, சுண்ணாம்புச் சத்து தங்கி, ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண்ணாயின. கோடை வெடிப்புக்குள் மேல்மண் சரிகிறது. அடுத்த மழையில் மண் உப்பி அடிமண்ணை மேலே தள்ளுகிறது. கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்றால் எந்தச் சம்சாரியும் சிரிக்க மாட்டார்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து இராபர்ட் புரூஸ் ஃபுட் எழுதிய அறிக்கை 1883இல் வெளிவந்தது. அதன் பின்னும் நம் வகுப்பறைக்கு மகாராட்டிரத்துப் பாறைதான் பாடம்! ஆற்றுக்கு இளமை, முதிர்ச்சி, முதுமை என்று 1899இல் டேவிஸ் வகுத்த சுழற்சி மனப்பாடம். மழை நாளில் ஓடி மற்ற நாளில் மணலாய்க் கிடக்கும் குண்டாற்றைப் பற்றி ஒரு வினா கிடையாது. கள ஆய்வு என்றால் கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுவது. கண்மாய்க் கரையில் ஒரு முற்பகல் நின்றால் வண்டல் எங்கே படிகிறது, மடை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டிவிடலாம். செலவும் இல்லை.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார்கள். எங்கள் துறையும் யோக்கியமில்லைதான். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தார். நாங்கள் அதை அட்டவணையாக்கினோம். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரச் செய்தியை நடத்தும்போது, சன்னலுக்கு வெளியே பாருங்கள் என்று நானும் பத்தாண்டுகள் சொன்னதில்லை.

தமிழில் கலைச்சொல் இல்லை என்பது இன்னொரு சாக்கு. கரம்பை, செவல், உவர், களர், பொட்டல், ஓடை: இவையெல்லாம் என்ன? பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா. கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. நிலவியல் துறைகளின் கண்ணில் அந்த அகராதி பட்டதாகத் தெரியவில்லை.

மறுவாரம் அந்த மாணவன் கிணற்றுப் பாறையின் துண்டு ஒன்றைத் துணிப்பையில் கொண்டுவந்தான். உன் துறையில் காட்டினாயா என்று கேட்டேன்.

“தேர்வு முடியட்டும் ஐயா” என்றான்.